திண்ணைச் சிரிப்பு: தருமபுரித் தாய்மார்கள் குறித்துச் சில குறிப்புகள்

1998. பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊர். புளியமரத்தடியில் குழல்விளக்கு கட்டிப் பெண் சிசுக்கொலைக்கு எதிரான கலைப்பயண நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தோம். நான்தான் தாய். கையில் இருந்தது பழைய சேலைத் துணியில் கட்டிய பொம்மை. மாமியாராக நடித்தவன் அரூர்ப் பக்கத்துப் பையன். அவன் உள்ளேயிருந்து வருவான், துணியை விலக்கிப் பார்ப்பான், முகத்தைத் திருப்பித் தரையில் துப்புவான். எந்த ஊரானாலும் இந்த இடத்தில் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தை நாங்கள் எங்கள் வெற்றியாகக் கணக்கு வைத்திருந்தோம். இந்த ஊரில் அது விழவில்லை. முன்வரிசையில் குந்தியிருந்த ஓர் ஆயா உரக்கக் கேட்டாள்: "ஏன்டா மாமியா, மொகத்தத் திருப்பறதுக்கு முந்தி மீசைய வழிச்சிருக்கக் கூடாதா?"

பெண்கள் கூட்டம் உடைந்து சிரித்தது. பையனுக்கு வசனம் மறந்துபோயிற்று. இன்னொருத்தி எழுந்து, "அவனத் திட்டாதக்கா, எம் மாமியாளுக்கும் மீச இருந்துச்சி" என்றாள். அதற்குப் பிறகு அந்த நாடகத்தை யாராலும் கரையேற்ற முடியவில்லை. அழ வேண்டிய நான் அழுதேன், அதற்கும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம். கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவர்களுக்குக் கேலி போகிறதே என்று. அன்றிரவு குழுவாக உட்கார்ந்து பரிசீலனை செய்தபோது அந்த ஊருக்கு நேராக 'பார்வையாளர் ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதிக்கொண்டோம். கையெழுத்து என்னுடையது.

அந்த ஒரு வரி தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப வருசம் ஆனது.

தருமபுரித் தாயைப் பற்றிப் பேசப்பட்டதெல்லாம் எப்படிப் பேசப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1986இல் 'இந்தியா டுடே' உசிலம்பட்டியைப் பற்றி எழுதிய பிறகுதான் 'பெண் சிசுக்கொலை' என்கிற சொல்லாடல் தமிழ்நாட்டில் நிலைகொள்கிறது. 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்படுகிறது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வருகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் கொட்டகையில் அழுத அழுகையை நானே பார்த்திருக்கிறேன், கூட அழுதுமிருக்கிறேன். 2001இல் தொட்டில்கள் தருமபுரிக்கும் வந்து சேர்கின்றன. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 826. இந்த வரிசையில் தாய் எங்கே வருகிறாள்? பத்திரிகையில் கொன்றவளாக வருகிறாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவளாக வருகிறாள். திரையில் அழுகிறாள். திட்ட அறிக்கையில் பயனாளி ஆகிறாள். சட்டத்தின் விரலும் முதலில் பிள்ளை பெற்றவளை நோக்கித்தான் நீண்டது. விந்து கொடுத்தவன் எந்தக் கோப்பிலும் ஓரமாகத்தான் நின்றான். எந்த இடத்திலும் அவள் சிரிப்பதில்லை. சிரித்திருந்தால் கொலைகாரி என்பதற்கு அதுவே சாட்சியாகியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அந்தக் காலத்தில் ஒரு சொல் புழங்கியது. பிறந்த சில நாளில் செத்துப்போன பெண் குழந்தைகளில் சிலரது பெயருக்கு நேரே, மரணத்துக்குக் காரணம் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதப்பட்டது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இந்தச் சொல்லை எழுதும் துணிச்சல் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு வந்ததால்தான் கணக்கு என்று ஒன்று கிடைத்தது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் பிரச்சினையின் அளவை வெளியே கொண்டுவந்தார்கள். 1997 தொடங்கி 1999 வரை தருமபுரியில் நடந்த கலைப்பயண அணிதிரட்டலைப் பற்றியும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சொல்லை எங்கள் சங்கத்தில் நான் ஒருநாள் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள்: "எங்க மாமியாளுக்கு 'சமூகம்'னு பேரு வெச்சது யாரு?"

சமூகவியலில் பல பக்கம் ஓடும் ஒரு விவாதம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சங்கம் என்று சொன்னேன். 1989இல் ஐ.நா.வின் விவசாய வளர்ச்சிக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பெண்கள் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது தருமபுரியில்தான். இன்று தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிற மகளிர் குழுக்களுக்கு அது தலைச்சன். எங்கள் ஊருக்கு அது 1993வாக்கில் வந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் – இதற்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் பத்தி உண்டு. தாமதமாக வந்தால் ஒரு ரூபாய் அபராதம். பிள்ளை அழுது கூட்டம் கெட்டால் அதற்கும் அபராதம் போடலாம் என்று வெளியிலிருந்து வந்த ஓர் அம்மா யோசனை சொன்னார். "போடுங்க, ஆனா அழறவங்கிட்ட வசூல் பண்ணிக்குங்க" என்று தன் பையனைத் தூக்கி அந்த அம்மாவின் மடியில் வைத்தாள் ஒருத்தி. பையன் உடனே தன் பங்கைச் செலுத்திவிட்டான். அந்த அம்மா சேலையைப் பிழிய வேண்டியதாயிற்று. அபராதத் தீர்மானம் அத்தோடு கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது என்றுதான் புத்தகத்தில் இருக்கும், ஏன் என்பது இருக்காது.

எனக்கு அப்போது முதல் பிள்ளை. ராத்திரியெல்லாம் அழும். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரும். தாய்மை என்றால் புத்தகத்தில் படித்த மாதிரி மனசு நிறைந்து வழியும் என்று நம்பியிருந்தவள் நான், வழிந்தது வேறு. பிள்ளையைத் தூக்கி வெளியில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதைச் சங்கத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உடம்பெல்லாம் நடுங்கியது. எதிரே இருந்தவள், ஐந்து பெற்றவள், "ஒரு தடவதானா? நானெல்லாம் தெனம் ரெண்டு தடவ போட்டுட்டு எடுத்துக்குவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னோடு கூடப் படுத்திருந்த அந்தப் பயம் அன்றைக்குத்தான் எழுந்து போனது. ஏட்ரியன் ரிச் 1976இல் எழுதிய நூலில், தாய்மை என்கிற நிறுவனம் வேறு, தாயாக இருக்கிற அனுபவம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். பிள்ளைகள்மேல் தனக்கு வந்த கோபத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஐந்து பெற்றவள்தான் நினைவுக்கு வந்தாள்.

இப்படி நிறைய உண்டு. அங்கன்வாடியில் பிள்ளையைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும்போது, "ஒரு நாளைக்கு எங்க வூட்டு ஆம்பளயயும் இதுல மாட்டுங்க, சாராயம் போக மனுசன் எத்தன கிலோன்னு தெரிஞ்சிக்கலாம்" என்பார்கள். மூன்றாவது, நான்காவது பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டல்லவா, அந்தப் பெயர்க்காரி ஒருத்திக்கு வரிசையாக நான்கும் பெண். அவள் சொல்வாள்: "எங்காத்தா 'போதும்'னு வேண்டிக்கிட்டா. மாரியாத்தா காதுல அது 'போடும்'னு வுழுந்துருச்சி." தன்னை வேண்டாதவள் என்று காலமெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெயரை ஓர் எழுத்தை மாற்றித் திருப்பி அடித்தாளே, அதை நான் இன்னும் வியக்கிறேன்.

ஆனால் இவற்றையெல்லாம் தொகுத்து 'நாட்டுப்புறப் பெண்களின் நகைச்சுவை' என்று ஒரு கட்டுரை எழுதுவது என் நோக்கமல்ல. சிரிப்பு ஒரு காரியம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அது 1996இல் நடந்தது.

நான் பார்த்த அளவில், தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். பெண்ணே பிறந்தாலும் பாட்டி எடுத்துக் குளிப்பாட்டுவாள். மூன்றாவது பிரசவம் பெரும்பாலும் புருசன் வீட்டில். ஆபத்தும் அங்கேதான். அதுவும் முதல் ஏழு, பத்து நாள். எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்திக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. செய்தி வந்த அன்று சாயங்காலம் யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தீர்மானம் போடவில்லை. ஒருத்தி சுக்கு இடித்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் இன்னொருத்தி கருவாடு எடுத்துக்கொண்டு போனாள், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்க. ராத்திரிக்கு மூன்றாவதாக ஒருத்தி, "எங்கூட்டுல மூட்டப்பூச்சி, இங்கயே திண்ணையில படுத்துக்கறேன் பெரீம்மா" என்று பாயோடு வந்துவிட்டாள். தீட்டு வீடு என்று ஒதுங்கிப் போக வேண்டியவர்கள் இப்படி வந்து விழுந்தால் மாமியார் என்ன சொல்வாள்? பத்து நாளும் அந்தத் திண்ணை காலியாக இல்லை. காலையில் களத்துக்குப் போகிறவள் எழுந்தால், புல்லறுத்துவிட்டு வருகிறவள் உட்காருவாள். நானும் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதியத்தில் போவேன்.

ஒருத்தியும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. உபதேசம் இல்லை, மிரட்டல் இல்லை. போலீஸ் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கும். பேசினதெல்லாம் கேலிதான். மாமியாரின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்த கதையைக் கேட்டார்கள். அவளுடைய பிரசவங்களைப் பற்றிக் கேட்டார்கள். அவளும் சொன்னாள். ராகிக் கல்லு திருகிக்கொண்டிருக்கும்போதே வலியெடுத்து, களி கிண்டி இறக்கிவிட்டுத்தான் பெற்றேன் என்றாள், "களியா, புள்ளயா, எது மொதல்ல எறங்குச்சி?" என்று ஒருத்தி கேட்க, அந்தக் கிழவி வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள். உள்ளே படுத்திருந்தவள் சிரித்ததும் எங்களுக்குக் கேட்டது. தையல் வலிக்குது, சிரிக்க வெக்காதீங்கடி என்று அவள் கத்தினாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மாமியார் தன் வெற்றிலைப் பையைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னது: "இந்தக் குட்டி நல்லா வளரட்டும்டி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. இன்னம் நாலு நாளு நீங்க வந்தீங்கன்னா எனக்குப் பாக்கு வாங்கக் காணிய விக்கணும்."

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் இப்போது பெங்களூருவில் வேலையில் இருக்கிறாள்.

அரசாங்கமும் அதே காலத்தில் அதே பத்து நாளைத்தான் காவல் காத்தது. பெண் குழந்தை ஏற்கெனவே உள்ள கர்ப்பிணிகளை அடையாளம் கண்டு, பிரசவத்துக்குப் பிறகு செவிலியர் அடிக்கடி போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. அந்தச் செவிலியர்களில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர் வரும்போது அந்த வீடு விசாரணைக்கு உட்பட்ட வீடாக மாறிவிடும், தாய் சந்தேகத்துக்குரியவளாகிவிடுவாள். திண்ணைக் காவலில் யார்மேலும் சந்தேகம் இல்லாதது மாதிரி ஒரு நடிப்பு இருந்தது. கலைப்பயணத்தில் நாங்கள் போட்டதைவிட அது நல்ல நடிப்பு.

பக்தினை நம் சிற்றிதழ்கள் தொண்ணூறுகளில் தலைமேல் வைத்துக் கொண்டாடின. ரபெலே பற்றிய நூலில் அவர் கெர்ச் நகரத்துச் சுடுமண் பொம்மைகளைக் குறிப்பிடுவார்: கர்ப்பிணிக் கிழவிகள், சிரிக்கிறார்கள். சாவும் பிறப்பும் ஓர் உடம்புக்குள் என்பது அவருக்குப் பெரிய குறியீடு. அந்தக் கிழவிகள் எதற்குச் சிரித்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை என்பது என் குறை. ஜேம்ஸ் ஸ்காட்டும் எங்களுக்குப் பாதிதான் பொருந்துகிறார். எளியவர்கள் அதிகாரத்தின் முதுகுக்குப் பின்னால் பேசுகிற மறைவுப் பேச்சைப் பற்றி அவர் சொல்வது சரிதான். ஆனால் திண்ணையில் நடந்தது முகத்துக்கு நேரே, அதிகாரத்தின் வெற்றிலையைத் தின்றுகொண்டே நடந்தது. ஏனென்றால் அங்கே அதிகாரம் என்று உட்கார்ந்திருந்தவளும் பெற்றவள்தான், அதுவும் கல்லு திருகிக்கொண்டே பெற்றவள். நான்சி ஷெப்பர்-ஹியூஸ் வடகிழக்குப் பிரேசிலின் கரும்புச் சீமைச் சேரியில் குழந்தைகளின் சாவுக்கு அழாத தாய்மார்களைப் பற்றி 1992இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அழாத தாயைக் கண்டு உலகம் அதிர்ந்தது, விவாதித்தது. சிரித்த தாயைப் பற்றி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இனிச் சொல்ல வேண்டியது எழுதப் பிடிக்காத ஒன்று. 1997இல் எங்கள் ஊரிலேயே இன்னொரு வீட்டில் இதே மாதிரி மூன்றாவது பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் இல்லை. அந்த வீடு காலனியில். எங்கள் சங்கம் ஊர்த்தெருச் சங்கம். காலனிக்குத் தனிச் சங்கம் அப்போது தொடங்கப்பட்டு நின்றுபோயிருந்தது. சுக்கு இடிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் திண்ணை கிடையாது என்று பின்னால் ஒருத்தி சமாதானம் சொன்னாள். திண்ணை இருந்திருந்தால் மட்டும் உட்கார்ந்திருப்போமா? அதைவிடவும் கசப்பான ஒன்று: எங்கள் கேலிகளில் பாதி, காலனிப் பெண்கள் பிள்ளை வளர்க்கிற விதத்தைப் பற்றியவை. எந்தச் சிரிப்பு மாமியாரை எங்கள் பக்கம் இழுத்ததோ அதே சிரிப்புத்தான் அந்தத் தாயை எங்களிடமிருந்து தள்ளி வைத்திருந்தது. 'பெண்கள்' என்று நாங்கள் மேடையில் ஒருமையாகப் பாடியதெல்லாம் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையைத் தோழர்கள் யாராவது 'பெண்களின் இயல்பான கூட்டுணர்வு'க்கு ஆதாரமாக எடுத்துக் காட்டினால், இந்தப் பத்தியையும் சேர்த்து எடுத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1996இல் திண்ணையில் உட்கார்ந்தவளே 1998இல் மேடையேறி, சிரித்தவர்கள்மேல் எரிச்சல்பட்டாள் என்பது உங்களுக்கு முரணாகத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான். பயிற்சி முகாமில் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார்கள், அவை தேவையானவையும்கூட. ஆனால் பிரச்சினை என்றால் கண்ணீர், எழுச்சி என்றால் முஷ்டி என்கிற இலக்கணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. புளியமரத்தடியில் அந்த ஆயா செய்தது நாங்கள் திண்ணையில் செய்ததைத்தான். மாமியார் என்கிற பூச்சாண்டியை அவள் மீசையோடு பிடித்து இறக்கினாள். எங்கள் நாடகம் சொல்லாததையும் சொன்னாள்: இந்த மாமியாருக்குள் இருப்பது ஓர் ஆம்பளை. எனக்கு அப்போது காது இல்லை.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எண் 913க்கு ஏறியது. இதில் செவிலியருக்கும், கலைப்பயணத்துக்கும், சங்கங்களுக்கும், திட்டங்களுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் ஆபத்து இடம் மாறியிருக்கிறது. கருவின் பாலைச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்து 1996இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2022இலும் தருமபுரியில் சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து பால் சொன்ன கும்பல் பிடிபட்டது. அந்தக் காலத்தில் முடிவு எடுக்கப் பத்து நாள் ஆகும். வீட்டுக்கு வாசல் இருக்கும், திண்ணை இருக்கும், தெருவில் போகிறவள் எட்டிப் பார்ப்பாள். இப்போது ஒரு பூட்டிய அறை, ஒரு மெஷின், பணம் வாங்குகிறவன் ஒருவன், கொடுக்கிறவன் ஒருவன். நடுவில் படுத்திருப்பவளுக்குத் துணையாக யாரையும் உள்ளே விடுவதில்லை. கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. சுக்கு இடித்துக்கொண்டு நாம் எந்த வீட்டுக்குப் போவது?

போன வருசம் எங்கள் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கரையான் அரித்தது போக மூன்று மிச்சம். 1996இன் அந்த வாரத்தைத் தேடினேன். பத்து நாள் காவலைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பேன் என்று ஒரு நப்பாசை. நீல மையில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'இந்த வாரக் கூட்டம் நடைபெறவில்லை. காரணம்: உறுப்பினர்கள் வெளியூர் சென்றுள்ளனர்.' யாரும் வெளியூர் போகவில்லை. எல்லோரும் நாலாவது வீட்டுத் திண்ணையில்தான் இருந்தோம்.